சாம்பாரில் கலக்க வேண்டாம்

கேளுங்கள் சிஸ்டர்

(தென் மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த இதழில் குடி, போதை தொடர்பான கடிதங்கள் மட்டும். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.)

கேள்வி: என் கணவர் கொத்தனார். பன்னிரண்டு வருடமாகக் குடிக்கிறார், இப்போது தினமும் இரண்டு குவார்ட்டர். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால் "நான் என்ன பைத்தியமா?" என்று அடிக்க வருகிறார். பஸ்ஸில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து, குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடியை 4,500 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு பலனும் இல்லை. இப்போது நாத்தனார் மெடிக்கலில் சொல்லி மாத்திரை வாங்கித் தந்திருக்கிறார். பொடித்துச் சாம்பாரில் போட்டால் குடித்ததும் வாந்தி வருமாம், அப்புறம் ஜென்மத்துக்கும் தொட மாட்டாராம். போடலாமா?
— வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

போடாதீர்கள், தங்கச்சி. இந்த இதழ் கைக்கு வருவதற்குள் போட்டிருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த மாத்திரையின் வேலை உடம்பில் இருக்கும். அந்த நாட்களில் அவர் குடித்தால் ஆபத்து என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொன்னால் கோபப்படுவார், தெரியும். அண்ணனையோ மாமனாரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள், டைசல்ஃபிரம் என்று போட்டிருக்கும். 1940-களின் கடைசியில் டென்மார்க்கில் குடிநோய்க்குக் கொடுக்கத் தொடங்கிய பழைய மருந்து. மருந்தில் குறை இல்லை. நாம் குடிக்கும் சாராயத்தைக் கல்லீரல் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற விஷமாக மாற்றும், உடனே அதையும் உடைத்து வெளியேற்றிவிடும். இந்த மாத்திரை இரண்டாவது வேலையை நடக்க விடாது. விஷம் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், தலை வெடிக்கும், வாந்தி வரும், பிரஷர் இறங்கும். இரண்டு குவார்ட்டர் குடிக்கிறவருக்கு, இதயத்தில் கோளாறும் இருந்துவிட்டால், உயிரே போய்விடலாம்.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருவரை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார்கள். முகமும் கழுத்தும் குங்குமச் சிவப்பு, பிரஷர் பார்க்கவே கிடைக்கவில்லை. மாரடைப்பு என்று நினைத்து ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மனைவி கட்டில் கால்மாட்டில் முந்தானையைத் திருகிக்கொண்டு நிற்கிறாள், கேட்டதற்கெல்லாம் "தெரியல, தெரியல" என்கிறாள். தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தோளில் கை வைத்துக் கேட்ட பிறகு, இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து பாதி அட்டையை எடுத்து நீட்டினாள். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்கப்புறம் அவள் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்றுவிட்டார். குடியும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை? அவருக்கு விஷயம் தெரியாதே. வாந்தி வந்தால் சரக்கு போலி என்பார், பாரில் தின்ற மீன் சரியில்லை என்பார், அடுத்த நாள் வேறு பிராண்டு வாங்குவார். டைசல்ஃபிரம் வேலை செய்வதே, "காலையில் மாத்திரை போட்டிருக்கிறேன், இன்றைக்குத் தொட்டால் செத்தேன்" என்ற நினைப்பு அவருக்குள் இருப்பதால்தான். முறையாகக் கொடுப்பதென்றால் இப்படி: டாக்டர் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, சம்மதம் வாங்குவார். கடைசியாகக் குடித்துக் குறைந்தது 12 மணி நேரம் கழித்துத்தான் முதல் மாத்திரை. அதன் பிறகு தினமும் காலையில் மனைவி கையால், அவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஒளிக்காமல் கொடுத்தால் நீங்கள்தான் இந்த மருந்துக்குப் பாதி பலம். இன்னொன்று, இதைச் சாப்பிடும் நாளில் அரிஷ்டம், ஆசவம், சில இருமல் டானிக் எல்லாம்கூட ஆகாது. அவற்றிலும் சாராயம் இருக்கிறது.

பொடி விற்றவரைப் பற்றி எனக்குப் பேச ஒன்றுமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கு வர மறுப்பவரை என்ன செய்வது? ராத்திரி போதையில் இருக்கும்போது பேச்சை எடுக்காதீர்கள், அது காற்றில் போகும். காலையில் பேசுங்கள், குடியைப் பற்றி அல்ல. சாரத்தில் நிற்கும்போது கை நடுங்குவது, பசி இல்லாதது, காலில் எரிச்சல், தூக்கம் கெட்டது, இவற்றைப் பற்றி. மனநலப் பிரிவு என்றால்தானே "பைத்தியமா" என்கிறார்? பொது மருத்துவ ஓ.பி.க்குப் போகட்டும். கல்லீரல் ரத்தப் பரிசோதனைச் சீட்டை டாக்டர் கையில் பிடித்துக்கொண்டு பேசும்போது பல ஆண்கள் முதன்முறையாகக் காது கொடுத்துக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அவர் வரவே இல்லையென்றால் நீங்கள் மட்டும் போங்கள். ஆலோசகர்கள் குடும்பத்தாரைத் தனியாகவும் பார்ப்பார்கள். கை நீட்டினால் பெண்கள் உதவி எண் 181-க்கு அழையுங்கள். "அவர் நோயாளி, பொறுத்துக்கொள்" என்று எந்தச் சிகிச்சையும் சொல்வதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு 54 வயது, லாரி புரோக்கர். முப்பது வருடக் குடி. போன கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு அன்றே நிறுத்தினார். மறுநாள் ராத்திரி ஃபிட்ஸ் வந்தது. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், கையில் இல்லாத நோட்டை எண்ணினார். சாமி வந்திருக்கிறது என்றார்கள் ஊரில். விபூதி பூசி, பக்கத்து கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினோம். ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டார். மாலையைக் கழற்றிய அன்றே மறுபடி குடி. இந்த வருடமும் மாலை போடுவேன் என்கிறார். தடுக்கலாமா?
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

தம்பி, மாலையைத் தடுக்காதீர்கள். பத்து நாள் முன்னதாக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, அதற்கப்புறம் மாலை போடச் சொல்லுங்கள்.

உங்கள் அப்பாவுக்கு வந்தது, குடியைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த மூளைக் கொந்தளிப்பு. பல வருடமாகச் சாராயம் மூளையை அமுக்கி வைத்திருந்தது, மூளையும் அதற்கு எதிராகத் தன்னை முடுக்கிவிட்டுப் பழகிவிட்டது. சாராயத்தை ஒரே நாளில் எடுத்ததும் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பித்து, இல்லாத பூச்சி, இல்லாத ஆட்கள், நாள் கிழமை மறதி. டாக்டர்கள் டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். கவனிக்காமல் விட்டால் இதில் சாவு உண்டு. உங்கள் அப்பா தப்பியது உங்கள் அதிர்ஷ்டம்.

நோட்டு எண்ணியதாக எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வார்டு ஞாபகம் வந்தது. அந்தப் பித்தில் மனிதர்கள் அவரவர் தொழிலைச் செய்வார்கள். ஒரு தையல்காரர் ராத்திரி முழுக்கப் படுக்கை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துத் தைத்தார். ஊசியில் நூல் கோத்தார், பல்லால் நூலைக் கடித்து அறுத்தார், முடிச்சுப் போட்டார். ஊசியும் இல்லை, நூலும் இல்லை. ஐந்தாம் நாள் தூங்கி எழுந்து, "இது எந்த ஊரு சிஸ்டர்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்றால், குளோர்டயஸிபாக்சைடு மாதிரியான மாத்திரையைச் சாராயத்தின் இடத்தில் வைத்து மூளையை அமைதிப்படுத்துவார்கள். முதல் நாள் அதிகம், பிறகு தினமும் குறைத்துக்கொண்டே வந்து ஏழு, எட்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லொராஸிபாம். கூடவே தயாமின் என்ற பி-1 வைட்டமின் ஊசி. பல வருடம் குடிப்பவர்கள் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். வற்றிய உடம்பில் தயாமின் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிச்சமிருப்பதும் கரைந்து, கண் ஓட்டம் தடுமாறி, நடை தள்ளாடி, ஞாபகசக்தியே நிரந்தரமாகப் போய்விடலாம். ஆகவே எந்த கிளினிக்கானாலும் வாசலிலேயே, "இவர் தினமும் குடிப்பவர், இத்தனை மணிக்கு நிறுத்தினார்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு "காய்ச்சல்" என்று சொல்லிச் சேர்ப்பதுதான் எத்தனையோ பேருக்கு வினையாகியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு ஒருமுறை ஃபிட்ஸும் பித்தும் வந்திருப்பதால் அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம். அவரை வீட்டில் வைத்து நிறுத்த முயல வேண்டாம்.

மாலையைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அதில் மரியாதை உண்டு. விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, ஒரு கூட்டம், வேளைக்குச் சாப்பாடு, நேற்றுவரை "ஏய்" என்றவர்கள் "சாமி" என்று கூப்பிடுவது, இதெல்லாம் மறுவாழ்வு மையங்கள் காசு வாங்கிக்கொண்டு செய்கிற வேலை. குறை என்னவென்றால், மாலையைக் கழற்றியதும் இது எல்லாம் ஒரே நாளில் நின்றுபோகிறது. அந்தத் தேதிக்கு முன்பே டாக்டரைப் பார்த்து, ஆசையைக் குறைக்கும் மாத்திரை தொடங்கிவிடுங்கள். மலையிலிருந்து இறங்கிய அன்று சாயங்காலம் அவர் எங்கே இருப்பார், யாரோடு இருப்பார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். குருசாமியிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள். அவர் வார்த்தைக்கு உங்கள் வார்த்தையைவிட எடை அதிகம்.

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை மட்டும், அதுவும் பீர் மட்டும், மூன்று பாட்டில். நான் குடிகாரனா?
— வாசகர், திருப்பூர்

கணக்குப் போடுவோம். நம் ஊர் குவார்ட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 60 கிராம். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் ஒரு பாட்டிலில் 40 கிராம். மூன்று பாட்டில் 120 கிராம், அதாவது இரண்டு குவார்ட்டர். திண்டுக்கல் கொத்தனார் தினமும் குடிக்கும் அளவை நீங்கள் சனிக்கிழமை ஒரே ராத்திரியில் முடிக்கிறீர்கள். "பீர் மட்டும்" என்பதில் "மட்டும்" எங்கே இருக்கிறது?

குடிகாரனா என்று நான் முத்திரை குத்தப் போவதில்லை. டாக்டர்கள் கேட்கும் நான்கு கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்க வேண்டும் என்று நினைத்ததுண்டா? குடியைப் பற்றி யாராவது சொன்னால் எரிச்சல் வருகிறதா? குற்ற உணர்ச்சி உண்டா? காலையில் எழுந்ததும் கை நடுக்கமும் தலைவலியும் நிற்பதற்காகக் குடித்ததுண்டா? இரண்டுக்கு "ஆமாம்" என்றால் ஓர் ஆலோசகரைப் பாருங்கள். கடைசிக் கேள்வி ஒன்றுக்கே "ஆமாம்" என்றாலும் நான் உங்களைத் துரத்துவேன்.

கேள்வி: மகனுக்கு 19 வயது, பாலிடெக்னிக். ஒரு வருடமாக வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்கிறான். கையில் சீழ்க்கட்டி வந்து டாக்டரிடம் போனபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாத்திரை கிடைக்காத நாளில் மூக்கு ஒழுகுகிறது, கொட்டாவியாக விடுகிறான், கால் குடைகிறது என்று சுவரில் உதைக்கிறான். ஒரு மையத்தில் பேசினோம். ராத்திரி நாலு பேர் வேனில் வந்து தூக்கிப்போய்விடுவார்களாம். ஆறு மாதம், மாதம் 18,000 ரூபாய். முதல் மூன்று மாதம் பார்க்கவும் பேசவும் கூடாதாம். அனுப்பலாமா?
— ஒரு தாய், சென்னைப் புறநகர்

அந்த வேனை வரச் சொல்லாதீர்கள் அம்மா.

முதலில் வைத்தியத்தைச் சொல்கிறேன். இப்போது பையன்கள் பொடித்து சலைனில் கரைத்து ஏற்றிக்கொள்வது பெரும்பாலும் டேபென்டடால். அது ஓபியாய்டு வகை, அபினுக்கு உறவு. நிறுத்தினால் வரும் வேதனையைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். குடியை நிறுத்தும்போது வருவது உயிரை எடுக்கலாம், இது பெரும்பாலும் எடுக்காது, ஆனால் அனுபவிப்பவனுக்குச் சாவே தேவலை என்று இருக்கும். அதற்கு நல்ல மருந்து இருக்கிறது: ப்யூப்ரநார்ஃபின், நாக்குக்கு அடியில் வைத்துக் கரைப்பது. மாத்திரைக்காக உடம்பு அலையாது, போதையின் உச்சமும் வராது, பையன் வகுப்புக்குப் போகலாம். கடைசியாக ஊசி போட்டு, உடம்பு வேதனை தொடங்கிய பிறகே முதல் மாத்திரை கொடுப்பார்கள். முந்திக்கொடுத்தால் வேதனை கூடிவிடும், ஆகவே எப்போது ஆரம்பிப்பது என்பதை டாக்டரிடம் விட்டுவிடுங்கள். ஊசி போடுகிறவர்களுக்கு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இதை இலவசமாகவே கொடுக்கும் அரசு மையங்கள் உண்டு. ஹெச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டுக்கும் ரத்தம் பாருங்கள். ஊசியைப் பகிர்ந்திருப்பான், இல்லையென்று சத்தியம் செய்தாலும் பாருங்கள்.

"ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா சிஸ்டர்?" என்று எல்லாத் தாய்மார்களும் கேட்பார்கள். இல்லை. டாக்டர் கையில், அளந்த அளவில், மாதக்கணக்கில், தேவையானால் வருடக்கணக்கில் கொடுத்து மெதுவாகக் குறைப்பது. அவசரப்பட்டு நிறுத்தியவர்கள்தான் சீக்கிரம் திரும்பப் போகிறார்கள்.

ஆறு மாதம் பூட்டி வைப்பதில் எனக்கிருக்கும் பெரிய பயம் வேறு. உள்ளே மருந்து ஒன்றும் இல்லாமல் இருந்துவிட்டு வெளியே வருகிறான். உடம்புக்குப் பழைய தாங்குசக்தி போய்விட்டது. ஆசை போகவில்லை. முதல் வாரத்திலேயே நண்பன் கூப்பிடுகிறான், பழைய அளவையே ஏற்றிக்கொள்கிறான், தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடுகிறது. ஓபியாய்டில் சாவு அதிகம் வருவது இப்படித் திரும்பி வந்த நாட்களில்தான்.

இனி சட்டம். மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் குடியும் போதையும் சேர்ந்ததே. பதினெட்டு வயதான ஒருவரை அம்மா அப்பா கையெழுத்துப் போட்டார்கள் என்பதற்காக வேனில் தூக்கிப் பூட்ட முடியாது. அவன் முடிவெடுக்கும் நிலையில் இல்லை, அவனுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்ற கட்டத்தில் மட்டும், ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியே பார்த்து எழுதினால் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாள் வரைதான், மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது குற்றம். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிச் செத்தார்கள். அந்த நினைவு நம் மாநிலத்துக்கு என்றைக்கும் இருக்க வேண்டும்.

எல்லா மையமும் மோசம் என்று சொல்லவில்லை. நல்ல மையத்துக்குப் பகல் வெளிச்சத்தில் நீங்களே நேரில் போகலாம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழை ஆபீஸ் ரூமில் கேளுங்கள், மாட்டியிருப்பார்கள். மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள், அந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். அவர்கள் படுக்கும் இடத்தையும் கக்கூஸையும் காட்டச் சொல்லுங்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பையன்களின் முகத்தைப் பாருங்கள், வார்டன் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிட்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். ரசீது தருவார்களா, போனில் பேச விடுவார்களா, வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள்? இந்த மூன்றாவது கேள்விக்குத் தடுமாறினால் அது வெறும் விடுதி.

கேள்வி: வயது 46, வங்கி வேலை. கணவர் போன பிறகு தூக்கத்துக்காக ஆரம்பித்தது. இப்போது தினமும் இரவு ஒரு குவார்ட்டர் வோட்கா. காலி பாட்டிலைக் கைப்பையில் வைத்து வேறு தெருக் குப்பைத்தொட்டியில் போடுகிறேன். பெண்களுக்குச் சிகிச்சை உண்டா? ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா?
— வாசகி, கோவை

உண்டு. தெரியாது. இரண்டு பதிலையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நிம்மதியாக மேலே படியுங்கள்.

உங்கள் விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது அதே 2017 சட்டம் உங்களுக்குக் கொடுத்திருக்கும் உரிமை. லீவுக்குச் சான்றிதழ் வேண்டுமென்றால் என்ன எழுதுவது என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நீங்கள் படுக்கையில் சேர வேண்டிய அவசியமே இல்லாமல் இருக்கலாம். கை நடுக்கம், ஃபிட்ஸ் வந்ததில்லை என்றால் ஓ.பி. சிகிச்சை போதும் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்களாகவே நாளைக்கே நிறுத்தாதீர்கள். விருதுநகர் தம்பிக்கு எழுதியது உங்களுக்கும்தான்.

ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் என்று தினம் ஒரு மாத்திரை இருக்கிறது, குடித்தாலும் அந்தச் சுகம் தெரியாது. கல்லீரல் சரியில்லை என்றால் அகாம்ப்ரோசேட், மூன்று வேளை போட வேண்டும். டைசல்ஃபிரம் மாதிரி இவை வாந்தி எடுக்க வைப்பதில்லை. துக்கம் மனச்சோர்வாக மாறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதைத் தொடாமல் குடியை மட்டும் தொட்டால் தூக்கம் வராது, தூக்கம் வராவிட்டால் பாட்டில் திரும்ப வரும். பெண்களின் உடம்பில் நீர் குறைவு, அதே குவார்ட்டர் ரத்தத்தில் அதிகமாக ஏறும், கல்லீரலும் சீக்கிரம் கெடும். தள்ளிப்போட வேண்டாம். நேரில் போகத் தயக்கமென்றால் இன்றிரவு 14416-க்குப் பேசுங்கள். டெலி-மானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசுவார்கள்.

கேள்வி: மையத்தில் 60,000 ரூபாய் கட்டிச் சிகிச்சை எடுத்தார். பதினோரு மாதம் தொடவில்லை. தம்பி கல்யாணத்தில் குடித்துவிட்டார், அதிலிருந்து மூன்று நாளாக விடவில்லை. அவ்வளவு காசும் தண்டம்தானா? நான் சரியாகக் காவல் காக்கவில்லை என்கிறார் மாமியார்.
— வாசகி, திருவாரூர் மாவட்டம்

சுகர்காரர் கல்யாணத்தில் நாலு லட்டு தின்று சுகர் ஏறினால், இத்தனை நாள் போட்ட இன்சுலின் தண்டம் என்று உங்கள் மாமியார் சொல்வாரா? பதினோரு மாதம் கல்லீரல் ஆறியிருக்கிறது, பிள்ளைகள் அப்பாவைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அது எங்கும் போகவில்லை. இன்றைக்கே அவரை அந்த டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மூன்று நாள் குடியை நிறுத்துவது சுலபம், மூன்று மாதம் போனால் மறுபடி முதலிலிருந்து.

டாக்டர் கேட்கப்போவது கல்யாணத்தைப் பற்றி அல்ல, அதற்கு முந்தைய மாதத்தைப் பற்றி. மாத்திரையை எப்போது விட்டார்? அநேகமாக அதற்கு முன்பே விட்டிருப்பார், "நல்லாயிட்டேன், எதுக்கு மாத்திரை" என்று. கல்யாணச் செலவில் தகராறா, தூக்கம் கெட்டதா, பழைய கூட்டாளி வந்தானா? பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலில் ஒன்று அநேகமாக இருக்கும். அதைக் கண்டுபிடித்தால் அடுத்த கல்யாணத்தில் பந்தி முடிந்ததும் பஸ் ஏறிவிடலாம்.

காவல் காப்பது உங்கள் வேலை இல்லை. வாசலில் நிறுத்தி வாயை முகர்ந்து பார்ப்பது, சட்டைப் பையைத் தடவுவது, ஏ.டி.எம். சீட்டை எண்ணுவது, இதெல்லாம் உங்களைத்தான் நோயாளி ஆக்கும். உங்களைப் போன்றவர்களுக்காகவே அல்-அனான் என்ற குடும்பத்தார் கூட்டங்கள் நடக்கின்றன. அவருக்கு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், ஏ.ஏ. என்பார்கள். 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது. கட்டணம் இல்லை, முகவரி கேட்க மாட்டார்கள், குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் மட்டும் போதும். பள்ளிக்கூட அறையிலோ சர்ச் ஹாலிலோ, தேங்காய் வியாபாரியும் தாசில்தாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் கூட்டத்தில் அவர் வாயைத் திறக்க வேண்டியதுகூட இல்லை. கடவுளைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார்கள், அது பிடிக்காதவர்களும் டீக்காக உட்கார்ந்திருந்து மீண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் திருவாரூர் மாவட்டத்துக்காரர் என்பதால் இதையும் சொல்கிறேன். குடிநோயில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கியதுதான் டி.டி.கே. மருத்துவமனை. அவர்கள் 1980-களின் கடைசியில் உங்கள் பக்கத்து மஞ்சக்குடியில் கிராமத்து முகாமே நடத்திச் சிகிச்சை கொடுத்தார்கள். நோயாளியைப் பட்டணத்துக்குக் கொண்டுபோவதற்குப் பதில் வைத்தியத்தை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். மனைவிகளுக்கும் வகுப்பு உண்டு. மாமியாரை ஒருமுறை அப்படி ஒரு வகுப்புக்குக் கூட்டிப்போக முடிந்தால் உங்கள் பாதித் தலைவலி தீரும்.

கேள்வி: சொந்த ஆட்டோ. காலையில் ஒரு கட்டிங் போட்டால்தான் ஹேண்டில் பாரில் கை நிற்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் வருமானம் போச்சு. படுக்காமல் வைத்தியம் உண்டா, எவ்வளவு ஆகும்?
— வாசகர், மதுரை

நீங்களாகவே எழுதிக் கேட்டீர்களே தம்பி, பாதி தூரம் வந்துவிட்டீர்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது.

அரசு ஆஸ்பத்திரியில் செலவில்லை. 2025-இல் தமிழக அரசு 25 அரசு ஆஸ்பத்திரிகளில் "கலங்கரை" என்று போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறது. உங்களுக்குப் பக்கம் எது என்று 14446-இல் கேளுங்கள், போதை மீட்புக்கான இலவச தேசிய எண். காலைக் கட்டிங் வரை வந்துவிட்டதால் டாக்டர் படுக்கச் சொல்லலாம். வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால், கூட ஓர் ஆள் இருக்க வேண்டும், ஒருநாள் விட்டு ஒருநாளாவது போய்க் காட்ட வேண்டும். இரண்டில் எதுவானாலும் அந்த ஒரு வாரம் ஆட்டோ ஓட்ட முடியாது. நடுக்கத்தை நிறுத்தக் கொடுக்கும் மாத்திரை தூக்கம் தள்ளும், அதோடு குடியும் சேர்ந்தால் மூச்சையே அடக்கும். வண்டியை மச்சானிடம் வாடகைக்கு விடுங்கள். பழைய மருந்துச் சீட்டுகள் இருந்தால் எடுத்துப் போங்கள், ஓ.பி. சீட்டுக்கு எட்டு மணிக்கெல்லாம் வரிசை கட்டிவிடுவார்கள். அன்று காலை கட்டிங் போட்டுவிட்டுத்தான் வர முடிந்தது என்றால் போட்டுவிட்டே வாருங்கள், வண்டியை மட்டும் நீங்கள் ஓட்டிக்கொண்டு வராதீர்கள். எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள்.